பக்கவாத நோயாளிக்கு வீட்டுப் பராமரிப்புச் சேவை: காட்பாடியில் மூன்று மாத அனுபவம்

76 வயதான என் தந்தைக்குப் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், வேலூரின் காட்பாடிப் பக்கம் இயங்கும் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவையை அமர்த்திக்கொண்டோம். கைகால் பயிற்சிக்காகவே அவர்களை அழைத்தோம். ஆனால் அவர்களால் கிடைத்த பெரிய நன்மை, நோய்த்தொற்று அண்டாமல் அப்பாவைக் காத்ததுதான்.

வயதாக ஆக நெஞ்சுக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுவதால், புதிய கிருமிகளை எதிர்கொள்ளும் டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் குறைந்துபோகின்றன. அதே வேளையில் மெல்லிய அழற்சியொன்று உடலில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. இந்நிலையில் பக்கவாதம் தாக்கினால், மூளையின் காவலர்களான மைக்ரோக்ளியா அணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்து சேதத்தைப் பெருக்கக்கூடும். உடலின் மற்றப் பகுதிகளிலோ எதிர்ப்பாற்றல் தளர்ந்துவிடுகிறது. எங்களுக்கு வாய்த்த செவிலியர் இதைப் பொறுமையாக விளக்கிய பிறகே, நிமோனியாவுக்கு அவர் ஏன் அவ்வளவு அஞ்சினார் என்பது விளங்கியது.

முதல் நாளே அவர் அப்பாவின் விழுங்கும் திறனைச் சோதித்தார். நீர்த்த உணவு புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால், கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு கரண்டியால் ஊட்டக் கற்றுத்தந்தார். ஊட்டியபின் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது என்பதில், அம்மா எவ்வளவு கெஞ்சியும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வேளை தவறாமல் வாயைச் சுத்தம் செய்தார். மருத்துவரிடம் பேசி, சிறுநீர் வடியப் பொருத்தியிருந்த குழாயையும் தொற்றுக்கு அஞ்சி விரைவிலேயே எடுக்கச் செய்தார். மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை.

பயிற்சியில்தான் குறை. இரண்டாம் மாதத்தில் மூன்று பிசியோதெரபிஸ்டுகள் மாறி மாறி வந்து, ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்கினார்கள். அதைவிட வருத்தம் தந்தது, மாற்றாளாக வந்த உதவியாளர் ஒருவர் முகக்கவசமின்றி இருமலோடு வந்ததாகும். மேலாளரிடம் சொல்லியும் மறுவாரம் அதுவே நடந்தது. எதிர்ப்பாற்றல் தளர்ந்த முதியவர் இருக்கும் வீட்டில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தவறு அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966 முதல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இயங்கிவரும் ஊர் இது. இங்கே இன்னும் கவனமான பணியை எதிர்பார்ப்பது நியாயமே.

நான்காம் மாதத்துக்குச் செவிலியரை மட்டும் தொடரச் சொல்லியிருக்கிறோம். பயிற்சிக்கு அப்பாவை நாங்களே ஆட்டோவில் பாகாயம் அழைத்துச் செல்கிறோம்.