வலது கைக்கு ஒரு கம்ப்ரஷன் ஸ்லீவ்: எட்டு மாத அனுபவம்

எனக்கு வயது 30. திருச்சியில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 28 வயதில் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையின்போது வலது அக்குளில் 16 நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, தலைமுடி தோள்வரை வளர்ந்த பிறகு, ஒரு மாலை வலது கைக் கண்ணாடி வளையல் கழலவே இல்லை. சோப்பு போட்டும் வரவில்லை. கடைசியில் அம்மா துணி சுற்றித் தட்டி உடைத்தார். நிணநீர் வீக்கம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நீரை வடிக்கும் அந்த முடிச்சுகள் போனதால் கையில் நீர் தேங்குகிறது. முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

பதற்றத்தில் நானே போய் முதல் ஸ்லீவை, அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறையை, வாங்கினேன். கடைக்காரர் கையைக் கண்ணால் பார்த்தே, "மீடியம் போதும்மா" என்று கொடுத்துவிட்டார். இரண்டே நாளில் மேல் விளிம்பு சுருண்டு கயிறு போல் புஜத்தை அறுத்தது. புறங்கை பன் போல உப்பியது. தயவுசெய்து யாரும் அப்படி வாங்காதீர்கள்.

சரியான வழி வேறு. முதலில் இரண்டு வாரம் தினமும் கட்டுப் போட்டு வீக்கத்தை வடிய வைத்தார்கள். பிறகு, வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் மணிக்கட்டு, முன்கை, முழங்கை, புஜம் என்று டேப் வைத்து அளந்தார்கள். ஸ்லீவின் இறுக்கத்தை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள்; எனக்கு எழுதியது இரண்டாம் வகுப்பு. 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். புறங்கைக்குத் தனியாக ஒரு உறை. ஒரு ஸ்லீவ் 2,700 ரூபாய். ஒன்று துவைத்துக் காய இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு.

வேலையைச் செய்கிறதா என்றால், செய்கிறது. இடது கையைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்த முன்கை இப்போது ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. கரும்பலகையில் எழுதும்போது அது நன்றாகவே தெரிகிறது. தசை அசைய அசைய, துணி எதிரே நின்று அழுத்தி நீரை மேலே தள்ளிவிடுகிறது. மூன்றாம் பாடவேளையில் வரும் அந்தப் பழைய கனம் இப்போது இல்லை.

போடுவதுதான் பாடு. மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, சுருக்கமே இல்லாமல் மெல்ல நீவி ஏற்ற வேண்டும். முழங்கை மடிப்பில் ஒரு சுருக்கம் தங்கினாலும் மாலைக்குள் அங்கே சிவந்த கோடு விழுந்துவிடும். தேங்காய் எண்ணெய் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். அதனால் இரவில் மட்டும் தடவுகிறேன். சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்து, சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்தால் அரிப்பு தாங்காது. இடைவேளையில் ஸ்லீவின் மேலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வேன். அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

தம்பியின் கல்யாணத்தன்று பட்டுப்புடவைக்குப் பொருந்தாது என்று ஐந்து மணி நேரம் கழற்றி வைத்தேன். படங்களில் என் கை அழகாக இருக்கிறது. அன்று இரவு மோதிரம் சிக்கிக்கொண்டது. வீக்கம் பழைய நிலைக்கு வர நான்கு நாள் ஆனது. ஆனாலும் கழற்றியதற்கு நான் வருந்தவில்லை.

எனக்குக் கோபம் இரண்டு விஷயத்தில். ஒன்று, நிறம். உடல் நிறம் என்று விற்கிறார்கள்; அது யாருடைய உடல் நிறமோ, என்னுடையது அல்ல. வெளிறிய அந்த நிறம் என் மாநிறக் கையில் மாவுக்கட்டு போலத் தெரிகிறது. புதிதாகச் சேரும் குழந்தைகள், "டீச்சர், கை உடைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். இன்னொன்று, செலவு. ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், மாற்றியே ஆக வேண்டும். வருடத்துக்கு நான்கு ஸ்லீவ், 10,800 ரூபாய். இதை நான் எழுபது வயது வரைக்கும் போட வேண்டியிருக்கலாம். என் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, சிகிச்சை முடிந்துவிட்டதாம். முடிந்த சிகிச்சையின் பலன்தானே இந்தக் கை?

சென்ற மாதம் இரண்டாவது ஜோடி வாங்கினேன். மறுபடி அளந்ததில் புஜத்துக்கு ஒரு அளவு குறைந்திருந்தது. இந்த முறை கறுப்பு நிறம் கேட்டு வாங்கினேன். தையல் கடை அக்காவும் ரவிக்கைக் கைகளை அரை அங்குலம் தளர்த்தித் தைத்துக் கொடுத்திருக்கிறார்.