உருளைக்கிழங்குக்கு ரோஸ்மேரியா, புதினாவா?

உருளைக்கிழங்கைத் தோட்டத்து மூலிகைகளோடு சமைக்க இரு வழிகள் உண்டு: ரோஸ்மேரி, தைம் சேர்த்து ஓவனில் வறுப்பது ஒன்று, அவித்தபின் புதினா, பார்ஸ்லி போன்ற மென்தழைகளைத் தூவுவது மற்றொன்று.

வறுப்பதற்கு, துண்டுகளை முக்கால் பதம் வேகவைத்து, நீரை வடித்து, ஓரங்கள் சற்றே உதிரும்படி பாத்திரத்தைக் குலுக்கி, எண்ணெயில் புரட்டி, 200 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வைக்க வேண்டும். அந்த உதிர்ந்த ஓரங்களே பொன்னிறமாக மொறுமொறுக்கின்றன. ரோஸ்மேரி இலைகளைத் தொடக்கத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும் என்பதால், கடைசி 10 நிமிடங்களில் சேர்ப்பதே நல்லது.

புதினாவின் மணமோ நெடுநேரச் சூட்டில் பறந்துவிடும். ஆகவே அடுப்பை அணைத்த பின், சூடான கிழங்கின் மீது வெண்ணெயோடு கிள்ளிப் போட்டால் போதும். இதில் வேலையும் குறைவு. ஆயினும் விருந்துக்கு நான் வறுத்ததையே தேர்ந்தெடுப்பேன். பிஞ்சுக் கிழங்கு கிடைக்கும் நாளில் மட்டும், அதன் மெல்லிய தோலும் இளஞ்சுவையும் கெடாதிருக்க, அவித்ததே எனக்கு உயர்வு.