வெள்ளி ரூபாயும் புலி ரூபாயும்: புழங்கித் தேய்ந்த காசுக்கு விலை பார்ப்பது

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்கு பிரிக்கும்போது இரும்புப் பெட்டியின் அடியில் அகப்படும் காசுகளில் இரண்டு வகை பெரும்பாலும் சேர்ந்தே கிடக்கும். ஒன்று, ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த 1940-களின் வெள்ளி ரூபாய். மற்றொன்று, அதே தலையோடு மறுபுறம் புலி நடக்கும் 1947-ஆம் ஆண்டு நிக்கல் ரூபாய். இரண்டும் 11.66 கிராம்தான் என்றாலும், தேய்மானம் இரண்டின் விலையையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை.

வெள்ளி ரூபாயை முதலில் நிறுக்க வேண்டும். 1940 முதல் 1945 வரை அடிக்கப்பட்டவற்றில் வெள்ளி சரிபாதி, அதாவது ஏறத்தாழ 5.83 கிராம், எனவே மன்னரின் முகம் மழுங்கிப்போனாலும் விற்கும் நாளின் வெள்ளி விலை அந்தக் காசைத் தாங்கி நிற்கும். அதற்கு முந்தைய 1938-ஆம் ஆண்டுக் காசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளி இருப்பதால், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அதிலுள்ள வெள்ளி 10.69 கிராம் வரை வரும். ஆகையால் தேய்மானத்தைப் பார்க்கும் முன் ஆண்டைப் படிப்பதே முறை. 1939 என்று கண்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். மிக அரிதான ஆண்டு என்பதால், கடைசி எண்ணில் யாரேனும் கை வைத்திருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பது நல்லது. 1940-களின் காசுகளில், கள்ளக்காசுக்கு அஞ்சி, விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும்படி அடித்தார்கள். அது மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் உருக்கி வார்த்த போலிக் காசாக இருக்கலாம்.

நிக்கல் ரூபாய்க்கு இப்படிப்பட்ட அடிவிலை கிடையாது. அதன் மதிப்பு முழுவதும் அதன் நிலையில்தான் இருக்கிறது. அது சுத்த நிக்கல் என்பதால் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது. இரும்பில் செய்த போலியையும் இழுக்கும் என்பதால் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு முற்றத்துச் சாய்வெயிலில் காசை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். கிரீடத்தின் மேடு, புருவம், காது மடல், மறுபுறம் புலியின் தோளும் விலாவும் ஆகியவையே முதலில் தேயும் இடங்கள். விலாவின் கோடுகள் தனித்தனியாக நின்றால் நல்ல காசு. அவை கலந்து ஒரே வழவழப்பாகிவிட்டால் சேகரிப்பாளர் அதை எளிதில் எடுக்கமாட்டார். அச்சிலிருந்து வந்த மெருகு, காசைத் திருப்பும்போது சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒளிக்கீற்றாகச் சுழலும். தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்போ அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும்.

கல்யாணத்துக்கு முன் பித்தளையோடு பித்தளையாகக் காசுகளையும் புளி போட்டுத் துலக்கும் வழக்கத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக் காசு அதனால் சேகரிப்பு விலையை இழந்தாலும் உலோக விலையோடு தப்பிவிடும். நிக்கல் காசுக்கு அந்தப் புகலும் இல்லை.

இதே கணக்கு 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க்கும் பொருந்தும். ஆண்டுக்குக் கீழே ஹெச் எழுத்து உள்ள காசு பர்மிங்காமில் ஹீட்டன் ஆலையில் அடிக்கப்பட்டது. எழுத்தைக் கண்டதும் அபூர்வம் என்பார்கள், ஆனால் புழக்கத்தில் ஏராளமாக வந்த காசு அது. செம்பு-நிக்கல் கலவை என்பதால் உலோக விலையும் பேசும்படி இல்லை. கை படாத மெருகோடு இருந்தால் மட்டுமே அதைத் தனியாக எடுத்து வைக்கலாம்.

லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்ட வேண்டியதில்லை. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குவதாக நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்பதானால், வெள்ளியை முன்னதாக நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு போகலாம். நிக்கல் ரூபாயை யாராவது எடைக்குக் கேட்டால், விற்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.