ஏரியில் விளைந்த அரிசி: ஒரு பாக்கெட் மனோமின்

கனடாவிலிருந்து ஹட்டனுக்கு வந்த அக்கா மகன் கொண்டுவந்தது. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே பூர்வகுடி மக்களின் காட்டரிசி; அவர்கள் மொழியில் மனோமின்.

காட்டரிசி என்று விற்கும் பளபளக்கும் கறுப்பு அரிசி பெரும்பாலும் வயலில் பயிரிட்டது. இது ஏரியில் தானாக விளைந்தது. மண்ணிறமும் பச்சையும் கலந்த நீண்ட மணிகள். அறுவடையின்போது ஒருவர் நீண்ட கம்பால் ஊன்றித் தோணியைத் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார். சிந்தும் மணிகள் அடுத்த வருடத்துக்கு விதை. பிறகு வறுத்து, மிதித்து, புடைப்பார்கள். பாக்கெட்டைத் திறந்ததும் விறகுப் புகை வாசம்!

அரை மணி நேரத்துக்குள் வெந்து வெடித்தது. கருவாட்டுக் குழம்புக்குச் சுமார்தான். தேங்காய்ப்பால் கஞ்சிக்கு அபாரம். விலை அதிகம், அன்றாடம் கட்டுப்படியாகாது.

ஆனால் இந்த மக்களை எனக்குப் பிடித்துப்போனது. ஒதுக்கிய நிலத்தில் அரசு கொடுத்த கோதுமை மாவும் கொழுப்பும் தின்று நீரிழிவுக்கு ஆளானவர்கள், இன்று பழைய உணவை மீட்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாழும் இவர்களின் ஒயிட் எர்த் சமூகம் 2018-இல் இந்த அரிசிக்கே உரிமைகள் உண்டு என்று சொந்தச் சட்டம் இயற்றியது. மாவு ரொட்டியும் சீனி வருத்தமுமாக இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே கஞ்சி ஊற்றினேன். குரக்கனும் கீரையும் நமக்கும் இருக்கிறதே! வாங்குவதானால், ஏரியில் கையால் தட்டி எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.