வாஷரும் டிரையரும் எங்க வாங்கறது? உஸ்மான் ரோடு வரைக்கும் போய் பார்த்துட்டு கடைசில எங்க ஏரியா கடைலயே வாங்கினோம்

போன வருஷம் ஐப்பசி மழைல எங்க வீட்ல பத்து நாள் துணி காயவே இல்ல. பசங்க ரெண்டு பேர் யூனிஃபார்ம், வீட்டுக்காரரோட சட்டை, அத்தையோட காட்டன் புடவை எல்லாம் ஹால்ல ஃபேனுக்கு கீழ கொடி கட்டி தொங்கும், காலைல எடுத்து மோந்து பார்த்தா ஒரு முக்கல் வாடை, மறுபடியும் துவைக்கணும். அத்தை அஞ்சரை மணிக்கே எழுந்து ஈர காலரையும் பாக்கெட்டையும் அயர்ன் பாக்ஸ் வெச்சு தேய்ச்சு தேய்ச்சு காய வைப்பாங்க, அவங்களுக்கு 68 வயசு, தோள்பட்டை வலி வேற. அடுத்த மழைக்குள்ள டிரையர் வந்தே ஆகணும்னு அன்னிக்கே சொல்லிட்டேன். 11 வருஷம் ஓடின டாப் லோடு (மேல மூடி திறக்கற) வாஷிங் மெஷினும் ஸ்பின்ல கத்த ஆரம்பிச்சிருந்துது, அதனால ரெண்டையும் சேர்த்தே வாங்கிடலாம்னு கிளம்பினோம்.

நாங்க இருக்கறது மடிப்பாக்கம், மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி தான். இதை ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

முதல்ல தி.நகர் போனோம். எங்க அப்பா காலத்துல இருந்தே பெரிய சாமான்னா உஸ்மான் ரோடு தான், 1978ல ஆரம்பிச்ச வசந்த் அண்ட் கோல தான் எங்க வீட்டு முதல் கலர் டிவி தவணைல வந்துது, அதுக்கும் முன்னாடி 1965ல மயிலாப்பூர்ல ஆரம்பிச்சது விவேக்ஸ், அப்புறம் சத்யா, இப்படி ஒரே நாள்ல நாலஞ்சு கடை ஏறி இறங்கிடலாம். எல்லா மாடலையும் வரிசையா பார்க்கலாம், கதவை திறந்து மூடி பார்க்கலாம், டிரம்முக்குள்ள கைய விட்டு பார்க்கலாம், இது ஆன்லைன்ல கிடைக்காது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு போங்க, பெரிய கடைங்க எதுல போனாலும் கம்பெனி டிஷர்ட் போட்டுட்டு பேசறவங்க பெரும்பாலும் அந்தந்த பிராண்டு அனுப்பின ஆளுங்க, கடை ஆளுங்க கிடையாது. அவங்க வேலையே அவங்க பிராண்டை விக்கறது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா "எது சார் நல்லது"ன்னு அவங்ககிட்ட கேட்டா வேற என்ன பதில் வரும்? ஒருத்தர் ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங் ஃபேக்டரி இருக்குங்கறார், இன்னொருத்தர் பாஷ் பக்கத்துல பிள்ளைப்பாக்கத்துலயே பண்றாங்கங்கறார், வேர்ல்பூல்காரர் புதுச்சேரிங்கறார். மூணும் உண்மை தான். ஆனா ஃபேக்டரி பக்கத்துல இருந்தா பெல்ட் போன அன்னிக்கே ஆள் வந்துடுவாங்கன்னு அர்த்தம் இல்லையே, நான் கேட்டது அது தான், அதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல.

மால்ல இருக்கற குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டலும் போய் பார்த்தோம். ஏசில நிதானமா பார்க்கலாம், விலை எழுதி ஒட்டியிருக்கும், அவசரப்படுத்த மாட்டாங்க. டிரையர் தனியா டிஸ்ப்ளேல பார்த்தது எங்களுக்கு அங்க தான், மத்த இடத்துல "ஆர்டர் போட்டா வரவழைச்சு தரோம்"னு தான் சொன்னாங்க.

ஆன்லைன் தான் விலைல கம்மி, அதை மறைக்க வேண்டியதில்ல. சேல் நேரத்துல பேங்க் கார்டு ஆஃபரையும் சேர்த்தா நாங்க பார்த்த 8 கிலோ ஃப்ரண்ட் லோடு (முன்னாடி கதவு வர்ற) மெஷின் கடை விலைய விட 2,600 ரூபா கம்மி. ஆனா மாடல் நம்பர் கடைசி ரெண்டு எழுத்து வேறயா இருக்கும், அதை வெச்சு கடைல பேரம் பேசினா "அது வேற மாடல் மேடம்"பாங்க, ஒப்பிடவே முடியாது. நோ காஸ்ட் இஎம்ஐன்னு போட்டிருந்தா ப்ராசசிங் ஃபீஸும் வட்டி மேல வர்ற ஜிஎஸ்டியும் தனியா கட்ட வேண்டி வரும், அதையும் கூட்டி பாருங்க.

எங்க அக்கா ஆன்லைன்ல தான் வாங்கினா. அவ கதைய சொல்லியே ஆகணும். மெஷின் வந்து இறங்கிடுச்சு, இன்ஸ்டலேஷனுக்கு கம்பெனி ஆள் இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு 9 நாள் ஆச்சு, அழுக்கு துணி குவிஞ்சு போய் அவ அப்பார்ட்மென்ட் பிளம்பரை கூப்பிட்டு மாட்டிட்டா. ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு பின்னாடி டிரான்சிட் போல்ட்டுன்னு வரும், பொதுவா நாலு, லாரில வரும்போது டிரம் ஆடாம இருக்க போட்டிருப்பாங்க, ஓட விடறதுக்கு முன்னாடி கழட்டிடணும். அது அவளுக்கும் தெரியல, பிளம்பருக்கும் தெரியல. முதல் ஸ்பின்லயே மெஷின் தடதடன்னு நடந்து வந்து பாத்ரூம் கதவுல இடிச்சு நின்னுடுச்சு. வாரன்டி கேட்டா "நீங்களே மாட்டினது, நாங்க பொறுப்பில்ல". விக்கறவங்களை கேட்டா கம்பெனிய கேளுங்க, கம்பெனிய கேட்டா விக்கறவங்களை கேளுங்க. அக்கா அழுதுட்டா, அவ சேர்த்து வெச்ச காசு அது.

அன்னிக்கு தான் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. ரெண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசத்தை விட, மெஷின் வீட்டுக்குள்ள வந்தப்புறம் நான் யாருக்கு ஃபோன் பண்ணுவேன், அவங்க எடுப்பாங்களாங்கறது தான் எனக்கு முக்கியம்.

எங்க பஜார்ல ஒரு டீலர் கடை இருக்கு, 20 வருஷமா இருக்கு, நாங்க மிக்சி ஜார் மாத்தறதுக்கு மட்டும் தான் போயிருக்கோம். சின்ன கடை, மூணு மெஷின் நிறுத்தற இடம் தான் இருக்கு. அந்த அண்ணன் எடுத்ததும் விலைய சொல்லல, "எத்தனையாவது மாடிம்மா?"ன்னு கேட்டார். மூணாவதுன்னதும் "தொட்டி உங்க தலைக்கு மேலயே இருக்கும், பிரஷர் பார்க்கணுமே"ன்னார். நிறைய ஃப்ரண்ட் லோடுக்கு குறைஞ்சது 0.3 பார் பிரஷர் வேணுமாம், அதாவது தொட்டி தண்ணி மட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவுல சுமார் 3 மீட்டர் உயரம் இருக்கணும். மேல் மாடிக்காரங்களுக்கு தான் இதுல பிரச்சனை, தண்ணி மெதுவா ஏறி மெஷின் எரர் காட்டி நின்னுடும், உஸ்மான் ரோட்ல இருந்து மால் வரைக்கும் ஒருத்தரும் இதை கேக்கல. அடுத்த கேள்வி, சர்வீஸ் ஏரியா வாசல் எவ்ளோ அகலம்? எங்களுக்கு தெரியல. சாயந்திரம் கடைய பையன்கிட்ட விட்டுட்டு டேப்பை எடுத்துட்டு அவரே வீட்டுக்கு வந்துட்டார்.

நிலைக்கு நிலை அளந்தார், 58 சென்டிமீட்டர். நாங்க பார்த்த 8 கிலோ மெஷின் அகலம் 60. எனக்கு பக்குன்னு ஆச்சு. அவர் மறுபடி கேட்லாக்கை பிரிச்சு ஆழத்தை பார்த்தார், 55, "பக்கவாட்டுல திருப்பி உள்ள கொண்டு போய்டலாம், இதே கம்பெனி 9 கிலோ வாங்கினா ஆழம் ஜாஸ்தி, உள்ள போகாது"ன்னார். அப்புறம் குழாயை திறந்து விட்டு 10 லிட்டர் பக்கெட்டை கீழ வெச்சு ஃபோன்ல நேரம் பார்த்தார், நிறைய ஒரு நிமிஷம் இருபது செகண்டு ஆச்சு. எங்க தொட்டி பில்லர் மேல உயரமா கட்டினதால தப்பிச்சோம், பூஸ்டர் பம்ப் வேணாம்னுட்டார். பம்பை விக்கறதும் அவர் தான், வேணாம்னு சொன்னதும் அவர் தான்.

டிரையர் விஷயத்துலயும் அவர் பேச்சு தான் தெளிவா இருந்துது. நான் முதல்ல ரெண்டும் ஒண்ணா வர்ற வாஷர் டிரையர் வாங்கலாம்னு தான் இருந்தேன். அதுல 8 கிலோ துவைக்கலாம்னா காய வைக்க 5 கிலோ மாதிரி தான் முடியும், பாதி துணிய வெளிய எடுக்கணும், ஒரு லோடு துவைச்சு காய்ஞ்சு வர நாலு மணி நேரம் கூட ஆகும், அது வரைக்கும் அடுத்த லோடு போட முடியாது. நிறைய மாடல்ல துணில இருந்து வர்ற சூடான ஈரக்காத்தை குளிர வெக்கறதுக்கே தண்ணி வேற ஓடிட்டு இருக்கும். மே மாசம் லாரி தண்ணி வாங்கற ஏரியால அது சரிப்படாது. ஹீட் பம்ப் டிரையர்னு ஒண்ணு இருக்கு, சூட்டை வெளிய விடாம திரும்ப திரும்ப பயன்படுத்தும், அதனால கரண்ட் ரொம்ப கம்மியா எடுக்கும், துணிக்கும் நல்லது, ஆனா எங்களுக்கு சொன்ன விலை வாஷரை விட ரெண்டு மடங்கு. கடைசில வென்டட் டிரையர் 5.5 கிலோ எடுத்தோம், அது சூடான ஈரக்காத்தை குழாய் வழியா வெளிய தள்ளும், எங்க சர்வீஸ் ஏரியா ஒரு பக்கம் முழுக்க கிரில்லு, காத்து அப்படியே வெளிய போய்டும். மூடின ரூம்ல வெக்கறதா இருந்தா இதை வாங்காதீங்க, சுவரெல்லாம் பூசணம் பிடிக்கும்.

கரண்ட் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. இது 2,000 வாட் கிட்ட, ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட்னு வெச்சுக்கோங்க. வாரம் நாலு தடவை போட்டா 2 மாசத்துக்கு சுமார் 64 யூனிட். அது பெரிசா தெரியாது, ஆனா உங்க மொத்தம் 500ஐ தாண்டிடுச்சுன்னா கீழ் ஸ்லாபுல கிடைச்ச குறைஞ்ச ரேட்டும் போய் பில்லு சட்டுனு ஏறும். அதனால மழைக்கும் ஸ்கூல் அவசரத்துக்கும் மட்டும், வெயில் அடிச்சா மொட்டை மாடி தான். 16 ஆம்ப் பாயின்ட் தனியா போட்டுக்கோங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க.

விலை ஆன்லைனை விட ரெண்டும் சேர்த்து 3,100 ரூபா ஜாஸ்தி. பேசி 1,500 குறைச்சார், அதுக்கு மேல முடியாதுன்னு நேரா சொல்லிட்டார். இன்னொரு கடைல பில்லு வேணாம்னா குறைச்சுக்கலாம்னாங்க, தயவுசெஞ்சு அதுக்கு ஒத்துக்காதீங்க. வாஷிங் மெஷினுக்கு ஜிஎஸ்டி 2018 ஜூலைல 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, அதையும் மிச்சம் பிடிக்கறேன்னு போனா வாரன்டிக்கு காட்ட கைல காகிதம் இருக்காது. பில்லுல சீரியல் நம்பர் எழுதியிருக்கான்னு கடைலயே பார்த்துடுங்க.

குறையும் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரேன்ன மெஷின் சனிக்கிழமை தான் வந்துது. இஎம்ஐ கிடையாது. டிரையரை ஓட்டி காட்ட டெமோ பீஸ் இல்ல, கேட்லாக்க பார்த்து தான் முடிவு பண்ணினோம்.

மாட்டற அன்னிக்கு கம்பெனி டெக்னீஷியனோட அவரும் வந்து நின்னார். நாலு டிரான்சிட் போல்ட்டையும் கழட்டி என் கைல ஒவ்வொண்ணா எண்ணி கொடுத்து, ஓட்டையை மூடி போட்டு அடைச்சு, "வீடு மாத்தும்போது இதை திருப்பி போடணும்மா, பில்லோட கட்டி வைங்க"ன்னார். டெக்னீஷியன் நாலு காலையும் திருகி லெவல் பண்ணினப்புறம் மெஷின் மேல ஒரு டம்ளர் நிறைய தண்ணி வெச்சு நிமிஷத்துக்கு 1,200 சுத்து ஸ்பின் போட்டு காட்டினார், தண்ணி லேசா நடுங்குச்சு, ஒரு சொட்டு சிந்தல. நான் அந்த டம்ளரையே பார்த்துட்டு இருந்தேன், அக்கா ஞாபகம் தான் வந்துது.

டிரையர்ல முதல்ல துண்டுங்க போட்டோம். முடிஞ்சதும் ஃபில்டரை உருவினா சாம்பல் கலர்ல மெத்தை மாதிரி பஞ்சு, ஒரு லோடுக்கே அவ்ளோ. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துடணும், விட்டா துணி காய லேட்டாகும், தீப்பிடிக்கற ஆபத்தும் இருக்கு. அத்தை கதகதன்னு இருந்த துண்டை எடுத்து தோள்ல போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

அண்ணன் பெரும்பாலும் ஒரே ஆளா கடைய பார்த்துக்கறதால பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டார். மடிப்பாக்கம் பக்கம் இருக்கறவங்க பஜார்ல விசாரிச்சாலே சொல்லுவாங்க. மதியம் 2ல இருந்து 4 வரைக்கும் மூடியிருக்கும், ஞாயித்துக்கிழமை காலைல மட்டும். போறதுக்கு முன்னாடி வாசல் அகலத்தை அளந்துட்டு போங்க.