ஒரே அட்டையில் மூன்று பேர்: தொழுநோய் மருந்துகளில் எது பெரியாள்?

அத்தையைக் காட்டிக்கொடுத்தது தேத்தண்ணிக் கோப்பைதான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், விடிகாலைக் குளிர். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எல்லாரும் சூடு தாங்காமல் சில்வர் கோப்பையைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்க, அவர் மட்டும் ஒரே கையில் இறுக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் விரலில் கொப்புளம். தோல் கிளினிக்கில் தொழுநோய் என்றார்கள். 12 மாதத்துக்கு மாதம் ஒரு குளிசை அட்டை, அதுவும் இலவசம்.

ஹட்டன் டவுனில் மருந்துக் கடையில் நிற்கிறவன் என்பதால் அட்டையைப் பிரித்து விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் கிளினிக்கிலேயே விழுங்க வேண்டியது: ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோஃபாசிமின் 300, டாப்சோன் 100. மிச்ச 27 நாளும் வீட்டில் குளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. "மாசத்துக்கு ஒருக்கா திங்கிறது எப்படி தம்பி வேலை செய்யும்?" என்று அத்தை கேட்டார். சரியான கேள்வி.

பதில் கிருமியின் சோம்பலில் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி ஒரு தடவை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். ரிஃபாம்பிசின் அதன் ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியைப் பிடித்து அடைத்துவிடுகிறது. உடம்பில் சில மணி நேரமே தங்கினாலும் அந்த ஒரு அடியில் பெரும்பாலான கிருமி செத்துவிடும், எழும்பி வர நாளாகும். இதன் மூதாதை 1957இல் பிரான்ஸின் தென்கரையில் ஒரு பைன் காட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் கிடைத்தது. அந்த மூலப்பொருள் வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக உடம்பில் சேராது. வேதியியலாளர்கள் பக்கத்தில் ஒரு வால் ஒட்டிய பிறகுதான் விழுங்கும் மருந்தாயிற்று. முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனுசர் பயந்துபோவார். அத்தைக்கு நான் சொல்ல மறந்துவிட்டேன், அன்று இரவு லயமே எழும்பிவிட்டது.

கொல்லும் வேகத்தில் மற்ற இரண்டும் இதன் கிட்டவும் வராது. ஆனால் தனியாக விட்டால் கெட்டது. அந்த நொதியின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் போதும், கிருமி தப்பிக்கும். அதனால்தான் காவலுக்கு இரண்டு பேர்.

டாப்சோன் வயதில் மூத்தது. 1908இல் ஜெர்மனியில் சாய வேதியியல் ஆராய்ச்சிக்கிடையே பிறந்தது. இரண்டு அனிலின் வளையம், நடுவில் ஒரு சல்போன், அவ்வளவுதான். கிருமி ஃபோலேட் என்ற பி வைட்டமினைத் தயாரிக்க எடுக்கும் மூலப்பொருளைப் போலவே வேடம் போட்டு நொதியை ஏமாற்றுகிறது. நமக்கு ஃபோலேட் சாப்பாட்டில் வருவதால் இந்த ஏமாற்று நம்மைத் தொடாது. 1940களில் இந்தச் சல்போன் மருந்துக் குடும்பம் வரும்வரை நீரடிமுத்து எண்ணெய்தான் கதி. பிறகு பல வருடம் டாப்சோனை மட்டுமே கொடுத்தார்கள், கிருமி பழகிக்கொண்டது. கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

மலிவு, சிறிய வெள்ளைக் குளிசை, பார்க்கச் சாது. எனக்கு அதிகம் பயம் இதன்மேல்தான். அதன் அமினோ முனையைக் கல்லீரல் மாற்றும்போது உண்டாகும் பொருள் சிவப்பணுக்களை உடைக்கும். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இது ஆபத்தாகவே முடியலாம். ஏற்கனவே இரத்தம் குறைந்த பெண் நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தால் தலைசுற்றுமா இல்லையா? அத்தைக்குச் சுற்றியது. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சரியாகச் சேராது என்று எத்தனை தடவை சொன்னேன்! ஆரம்ப வாரங்களில் காய்ச்சலும் தோல் தடிப்பும் கண் மஞ்சளும் சேர்ந்து வந்தால் டாப்சோனை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்றாவதுதான் வீட்டில் சண்டை கிளப்பியது. குளோஃபாசிமினின் கதை டப்ளினில், கற்பாசியிலிருந்து கிடைத்த ஒரு பொருளின் ஆராய்ச்சியில் தொடங்கியது. நம் தேயிலைத் தண்டில் சாம்பலாய்ப் படிந்திருக்கிறதே, அதே சாதி. காசநோய்க்கென்று 1950களில் செய்தார்கள், தொழுநோயில் பெயர் எடுத்தது. அசல் சாயம் இது. வளையங்கள் பின்னிய அமைப்பால் நிறம், அதே அமைப்பால் கொழுப்பில் கரையும் குணம். தோலிலும் கொழுப்பிலும் போய்க் குடியேறும், பாதி வெளியேற ஏறக்குறைய 70 நாள். ஒரு நாள் மறந்தாலும் உடம்பில் இருப்பு இருக்கும். சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். நரம்பைக் கெடுக்கும் அழற்சியையும் தணிக்கும், மற்ற இரண்டிடமும் இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

விலை, முகத்தில் தெரியும். நாலாம் மாதம் அத்தையின் கன்னம் செம்பு கலந்த கறுப்பாயிற்று, வெயில் படும் இடத்தில் இன்னும் கூட. "இந்தக் கறுப்புக்கு அந்த நோயே தேவலாம் தம்பி" என்று அட்டையைத் தூக்கி எறிந்தார். குளோஃபாசிமின் வேண்டவே வேண்டாம் என்பவருக்கு ஒஃப்லொக்சசினோ மினோசைக்ளினோ, வேறொரு நுண்ணுயிர்க்கொல்லி மாற்றாகக் கொடுப்பதுண்டு. ஆனால் மினோசைக்ளினும் நாள்பட்டால் தோலை நீலக்கறுப்பாக்கக்கூடியது, அந்த வேடிக்கையை அத்தையிடம் சொல்லித்தான் சமாளித்தேன்.

எது பெரியாள் என்றால், கொல்வதில் ரிஃபாம்பிசின், சந்தேகமே இல்லை. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் டாப்சோனைக் கைகாட்டுவேன். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்ற இரண்டையும் வைத்தே வைத்தியம் தொடர்கிறார்கள். எல்லாரும் வெறுக்கும் அந்தச் சாயத்தை மட்டும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அட்டைகள் முடிந்து ஒன்றரை வருடமாகிறது. அத்தையின் நிறம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. விரலின் உணர்ச்சி திரும்பவில்லை, செத்த நரம்பை எழுப்பும் குளிசை அந்த அட்டையில் கிடையாது. இப்போது கோப்பையைப் பழைய சேலைத்துண்டால் சுற்றித்தான் பிடிக்கிறார்.