டிக்கெட்டுக்கு மேல் எது தேறும்? வாட்டர் பார்க் கூடுதல் சேவைகள், ஒரு மதிப்பீடு

வாட்டர் பார்க்குக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் டிக்கெட் விலையைத்தான் முதலில் கூட்டிப் பார்ப்பார்கள். அது பாதிக் கணக்குதான் என்று உள்ளே போன பிறகுதான் தெரியும். லாக்கர், மிதக்கும் ட்யூப், வரிசை தாண்டும் பாஸ், நிழல் குடில், போன் பவுச், வாடகை நீச்சலுடை என்று கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் ஏதாவது ஒன்று காத்திருக்கும். இதில் சிலது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். சிலது அன்று சாயங்காலமே குப்பைக்குப் போகும்.

லாக்கரில் தயக்கமே வேண்டாம், வாங்கிவிடுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து மூடலாமா? சில இடங்களில் ஒரு தடவை திறந்தால் கணக்கு முடிந்தது, மறுபடி பூட்ட மறுபடி காசு. குழந்தைகளோடு போகிறவர்கள் சன்ஸ்கிரீனுக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை, மருந்து, துண்டு, போன் என்று குறைந்தது ஆறேழு முறையாவது லாக்கரைத் தேடி வருவார்கள். திறக்கத் திறக்கக் காசு என்றால் சின்ன லாக்கர்கூட பெரிய செலவாகிவிடும். இடமும் முக்கியம். நுழைவாயில் அருகே இருக்கும் லாக்கரைவிட, பார்க்கின் நடுவில் அலைக்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பது சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. வெறுங்காலோடு சூடேறிய தரையில் ஒவ்வொரு தடவையும் போய்வரும் தொல்லை மிச்சம்.

லாக்கர் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் போன் லாக்கருக்குள்தான் இருக்கிறது என்பது பிறகுதான் உறைக்கும். லாக்கர் எண்ணையும் அதைத் திறக்கும் ரகசிய எண்ணையும் பெரியவர்கள் இரண்டு பேராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அடுக்கும்போது, திரும்பும் நேரத்துக்கான உலர்ந்த உடைகளைத் தனிப் பையில் கட்டி அடியில் போடுங்கள். சன்ஸ்கிரீன், மருந்து, துண்டு மேலே இருக்கட்டும். நனைந்த எதையும் நடுவில் உள்ளே திணிக்காதீர்கள். ஒரு ஈரத் துண்டு போதும், மொத்தப் பையும் ஈரமாகிவிடும். மோதிரத்தை லாக்கரில் வைப்பதைவிட வீட்டில் வைப்பது மேல். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவியதே தெரியாது.

வாடகை நீச்சலுடை, கட்டாயமானால் மட்டும். கையில் வாங்கியதும் இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். பட்டென்று பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் வேறு கேளுங்கள், முதல் ஸ்லைடிலேயே அது இறங்கிவிடும். பருத்தித் துணியை ஏன் மறுக்கிறார்கள் என்று பலருக்கும் எரிச்சல். காரணம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், ஸ்லைடின் பரப்பில் ஒட்டி இழுக்கும். வேகம் குறைந்து குழந்தை பாதி வழியில் நின்றுவிட்டால், மேலிருந்து அடுத்த ஆள் வந்து மோதுவார். உதிரும் நூல் துணுக்குகள் வடிகட்டியையும் அடைக்கும். ஜிப், பக்கிள், ஜீன்ஸின் உலோகக் குமிழ் ஆகியவற்றுக்குத் தடை வேறு காரணத்துக்காக. ஸ்லைடின் ஃபைபர்கிளாஸ் பரப்பில் மேலே ஒரு வழவழப்பான பூச்சு இருக்கும். உலோகம் அதைக் கீறினால், அந்தக் கீறல் பின்னால் வருகிறவரின் முதுகைக் கிழிக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டரோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணிதான் சரி.

நிறத்தையும் கவனியுங்கள். கடையில் அழகாகத் தெரியும் வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் போனதும் மறைந்துவிடும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பளீர் மஞ்சள் ஆகியவைதான் கலங்கும் நீரிலும் தெரியும். குழந்தைக்கு எடுக்கும்போது அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

முழுக்கை நீச்சல் சட்டை வாங்குவதற்கு இன்னொரு நியாயம் சன்ஸ்கிரீன் கணக்கில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு தடவை பூசச் சுமார் 30 மில்லி வேண்டும். அப்படியானால் 100 மில்லி ட்யூப் மூன்று பூச்சுக்குத்தான் வரும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டாம் சுற்றுக்கே போதாது. பார்க் கடையில் இருமடங்கு விலை கொடுத்து இன்னொன்று வாங்கும் இடம் இதுதான். யு.பி.எஃப். 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். கையும் முதுகும் மூடியிருந்தால் பூச வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. மீதிக்கு எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், வெயிலில் இறங்கக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. நீரைத் தாங்கும் என்று போட்டிருந்தாலும் 40 நிமிடமா 80 நிமிடமா என்று லேபிளில் பாருங்கள், தண்ணீருக்குள்ளேயே இருந்தால் அதுதான் கெடு. காதுமடல், பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்பக்கம், தலை வகிடு, இவற்றை எல்லாரும் மறப்பார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பூச்சு வேண்டாம், நிழல்தான்.

அந்த வயதுக் குழந்தையோ, வெகுநேரம் நடக்க முடியாத பெரியவரோ கூட வருகிறார்கள் என்றால் நிழல் குடில் காசுக்குத் தகும். மற்றவர்களுக்கு அது பை வைக்கும் இடம்தான், அதற்கு லாக்கர் போதும். எடுப்பதாக இருந்தால் சூரியன் எங்கே போகும் என்று பார்த்து எடுங்கள். காலை பதினொரு மணிக்கு ஜிலுஜிலுவென்று இருக்கும் குடில், மேற்குப் பக்கம் திறந்திருந்தால் மூன்று மணிக்கு அடுப்பாகிவிடும். மேற்கே சுவரோ திரையோ உள்ளதைக் கேளுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருப்பதைத் தவிருங்கள்.

வரிசை தாண்டும் பாஸ்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது, யோசிக்காமல் வாங்கப்படுவதும் அதுதான். வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒற்றை ஆள் போகும் ஸ்லைடில் 30 விநாடிக்கு ஒருவரை விடுகிறார்கள் என்றால் மணிக்கு 120 பேர். நான்கு பேர் உட்காரும் மிதவை, அதாவது ராஃப்ட், 40 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 90 ராஃப்ட், அதாவது 360 பேர். இரண்டிலும் வரிசையில் 60 பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அரை மணி, இரண்டாவதில் பத்தே நிமிடம். கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒரே நீளம்தான்! ஸ்லைடு முடியும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, வெளியே வருகிறவர்களை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கினால் உங்கள் பார்க்கின் கணக்கு கிடைத்துவிடும். பாஸ் பெரும்பாலும் ராஃப்ட் ஸ்லைடுகளுக்குத்தான் என்றால் மிச்சமாகும் நேரம் சொற்பம். ஒற்றை ஆள் ஸ்லைடுகளும் சேர்ந்தால், விடுமுறை நாளில் யோசிக்கலாம். பள்ளி நாளில் வேண்டவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் பிள்ளைகளின் உயரத்தைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். பல பார்க்குகளில் 107 சென்டிமீட்டர் ஒரு எல்லை, வேகமான ஸ்லைடுகளுக்கு 122. இந்த அளவு எட்டாத பிள்ளைக்குப் பாஸ் வாங்கினால் காசு தண்ணீரில்தான். ராஃப்டுக்கு மொத்த எடை வரம்பும் உண்டு. சில இடங்களில் எடை மேடை படி ஏறி முடித்த பிறகுதான் இருக்கும். நூறு படி ஏறிப் போய், நால்வரில் ஒருவர் இறங்க வேண்டும் என்று கேட்பது பரிதாபம். கீழேயே உள்ள பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

காசில்லாத ஃபாஸ்ட் பாஸ் ஒன்று இருக்கிறது: வாசல் திறக்கும் முன்பே போய் நிற்பது. முதல் ஒரு மணி நேரத்தில், பெயர்பெற்ற ஒற்றை ஆள் ஸ்லைடுகளை முடித்துவிட வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்லைடில்தான் எல்லாரும் முதலில் முட்டுவார்கள், தூரத்தில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். நடுப்பகலில் வரிசைகள் நீளும்போது அலைக்குளத்துக்கும், ட்யூபில் மெல்ல மிதந்து போகும் லேஸி ரிவர் கால்வாய்க்கும் மாறிக்கொள்ளலாம்.

ஸ்லைடில் மல்லாந்து படுத்து, கணுக்கால்களைப் பின்னி, கைகளை மார்பில் குறுக்காக வைக்கச் சொல்வார்கள். ஒப்புக்குச் சொல்வதில்லை அது. செங்குத்தான ஸ்லைடின் அடியில் கால் விரிந்தால் தண்ணீர் அழுத்தமாக உடலுக்குள் பாய்ந்து உட்காயம் ஏற்படுத்தும். கை வெளியே நீண்டால் இணைப்பில் இடித்துக்கொள்ளும். இரண்டு பேர் ட்யூபில் எடை கூடியவர் பின்னால் உட்காருவதுதான் பொதுவான வழக்கம், ஏற்றிவிடுகிறவர் மாற்றிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

தனி ட்யூப் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் வீண். லேஸி ரிவரில் இலவச ட்யூப்கள் மிதந்து வரும், கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்று கிடைக்கும். பெரியவர்களுக்கான ட்யூபில் சின்னக் குழந்தையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். ஓட்டை வழியாக வழுக்கிக் கீழே போய்விட்டால், மேலே கூட்டமாக மிதக்கும் ட்யூப்கள் குழந்தையை மறைத்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் பல பார்க்குகளில் இலவசம், சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள். சின்ன அளவுகள்தான் முதலில் தீரும் என்பதால் உள்ளே போனதும் எடுத்துவிடுங்கள். எல்லாப் பட்டியையும் இறுக்கிய பிறகு தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் எழும்பிக் காதையோ தாடையையோ தொட்டால் அது பெரிது. கால்களுக்கு இடையே போகும் பட்டி இருந்தால் சின்னக் குழந்தைக்கு அதையே கேளுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் பொம்மைதான், உயிர்காப்பு இல்லை. விற்பனைக்கு வைத்திருந்தாலும் வாங்காதீர்கள். லைஃப்கார்டுகளுக்குப் பரவலாகக் கற்றுத்தரும் ஒரு அளவுகோல் 10/20: பத்து விநாடிக்குள் ஆபத்தைக் கண்டுபிடி, அடுத்த இருபதுக்குள் போய்ச் சேர். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கை ஆட்ட மாட்டார். அலைக்குளத்தில் நீச்சல் தெரியாத பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொண்டு ஒரு பெரியவர் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். உதடு நீலமானாலோ பல் தந்தியடித்தாலோ வெளியே கூட்டி வந்து துடைத்துவிடுங்கள், சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும்.

போன் பவுச்சில் எங்களுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும், அதையும் முந்தின நாளே வாங்கி, உள்ளே காகிதக் கைக்குட்டை வைத்து அரை மணி நேரம் நீரில் அமுக்கி வைத்துப் பாருங்கள். காகிதம் துளி நனைந்தாலும் அந்தப் பவுச் ஆகாது. ஐ.பி. 68 என்ற நீர்த்தடுப்புத் தரம் பெற்ற போன்தானே என்று பவுச் இல்லாமல் இறங்குவதும் தப்பு. அந்தச் சோதனை அசையாத நன்னீரில் நடக்கிறது, ஸ்லைடின் அடியில் அடிக்கும் குளோரின் தண்ணீரில் அல்ல. தண்ணீருக்குள் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது, படம் எடுக்க வால்யூம் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். கழுத்தில் தொங்கும் கயிறு எங்காவது மாட்டும் என்பதால் ஸ்லைடில் அனுமதிப்பது அரிது. நேர் வெயிலில் பவுச்சுக்குள் கிடக்கும் போன் சூடேறித் தானே அணைந்துபோகும்.

காசு கொடுக்காமல் பார்க்க வேண்டியது தண்ணீர். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமீனின் வாடைதான் அது, கண் எரிவதும் அதனாலேதான். குளத்தின் ஆழமான இடத்தில் அடிவடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இறங்காதீர்கள். இதில் நம் பங்கும் உண்டு. இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பின் அழுக்கு பெருமளவு போய்விடும். வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையை அழைத்துப் போகக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். நீச்சல் டயப்பர் கசிவை நிறுத்தாது, மணிக்கு ஒருமுறை பாருங்கள், மாற்றுவதைக் குளத்தோரத்தில் செய்யாதீர்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது.

டிக்கெட் வாங்கும்போதே மழை விதியைப் படியுங்கள். இடி கேட்டால் எல்லாரையும் வெளியேற்றுவார்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருப்பது பொதுவான நடைமுறை. பாதி நாள் இப்படிப் போனால் பணம் திரும்புமா, வேறு நாள் அனுமதியா, ஒன்றுமே இல்லையா என்பது பார்க்குக்குப் பார்க் வேறு. பராமரிப்புக்காக மூடிய ஸ்லைடுகளின் பட்டியலையும் முந்தின நாளே கேட்டுக்கொள்ளலாம்.

மூடும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே நீரைவிட்டு ஏறிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் ஷவர், உடை மாற்றும் அறை, லாக்கர் சாவியைக் கொடுத்து முன்பணம் வாங்கும் கவுன்ட்டர் மூன்றிலும் நிற்கும் கூட்டத்துக்கு எந்தப் பாஸும் செல்லாது.